தாத்தாவின் இரட்டைக் குழல்: வைத்துக்கொள்வதா, ஒப்படைப்பதா?

காப்பித்தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து வீட்டில் 12 போர் (போர் என்பது குழலின் உள் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. இப்போது லைசென்ஸ் அப்பாவின் பெயரில் இருக்கிறது. அவருக்கு 74 வயது, கை நடுக்கம் வேறு. போன தேர்தலின்போது காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்ததைத் திரும்ப வாங்கி வந்த அன்று, "இனி என்னால் இதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. உன் பெயருக்கு மாற்று, இல்லையென்றால் கொடுத்துவிடு" என்று சொல்லிவிட்டார்.

வெளியே இரண்டு குதிரைகள் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் போன்ற பாகங்கள்) தெரியும் பழைய ரகம். குழல் முழுக்க நீரலை ஓடுவதுபோல் கோடுகள். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு தாத்தா வேட்டையை அடியோடு விட்டுவிட்டாராம். அப்பாவும் கடைசியாகச் சுட்டு இருபது வருடமாவது இருக்கும். இத்தனை நாளும் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்திருந்தோம். ஒரு தகர டப்பாவில் காகித உறை போட்ட தோட்டாக்கள் ஒன்பது கிடக்கின்றன.

எனக்கு மூன்று கேள்விகள். அப்பா உயிரோடு இருக்கும்போதே என் பெயருக்கு மாற்ற முடியுமா? இதை இப்போது சுடலாமா? இதை வைத்துக்கொண்டே தட்டு சுடும் விளையாட்டைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன், நடக்குமா?

வைகைக்கரை வழக்குரைஞர்

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன் தம்பி. மற்ற இரண்டுக்கும் ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்த ஆர்மரர் ஐயா வருவார்.

மாற்றலாம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 25ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகுதான் வாரிசுக்குப் போக வேண்டும் என்பதில்லை. அவருக்கு 70 வயது நிறைந்திருந்தாலோ, அந்த ஆயுதத்தை 25 வருடம் வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே வாரிசு விண்ணப்பிக்கலாம். உங்கள் அப்பா அந்த வயதைத் தாண்டிவிட்டார். ஆனால் "மாற்றுவது" என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. இது பட்டா பெயர் மாற்றம் போன்றதல்ல. உங்களுக்குப் புதிதாக லைசென்ஸ் கொடுக்கலாமா என்று முழுதாக விசாரிப்பார்கள். காவல் துறை அறிக்கை, உடல்நலமும் மனநலமும் குறித்த மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்கிறது என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டும். உடன்பிறந்தவர்களின் ஆட்சேபணையின்மைக் கடிதங்களை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். என்னிடம் வரும் வாரிசு வழக்குகளில் பாதி அந்த ஒரு கடிதம் இல்லாமல் நின்றவைதான்.

இன்னும் இரண்டு செய்தி. அப்பாவின் லைசென்ஸில் தனி அடையாள எண் (ஒவ்வொரு லைசென்ஸ்தாரருக்கும் அரசுப் பதிவில் தரும் எண்) ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பழைய கைப்புத்தகத்தில் முத்திரை மட்டும் குத்தி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். அடுத்தது, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று வரை அனுமதி இருந்தது. பரம்பரைச் சொத்து என்றாலும் இதே கணக்குத்தான். லைசென்ஸின் ஆயுள் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீண்டதும் அதே திருத்தத்தில்தான்.

ஓய்வு ஆர்மரர்

அந்த மூன்றில் ஒன்றை ஒப்படைத்தவர்களில் நானும் ஒருவன். அந்த வருத்தத்தை இங்கே எழுதப் போவதில்லை.

தம்பி, முதலில் ஒரு வாக்குறுதி கொடுங்கள். நான் சொல்லும் வரை அந்தத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றக் கூடாது. நீரலைக் கோடு என்று எழுதினீர்களே, அதைப் படித்ததுமே எனக்கு நெஞ்சு துணுக்குற்றது. அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் பட்டைகளாக முறுக்கி, ஒரு கம்பியின் மேல் சுருள் சுருளாகச் சுற்றி, உலையில் காய்ச்சி ஒட்டவைத்துச் செய்வது. அமிலத்தில் நனைத்தால் இரண்டு உலோகமும் இரண்டு நிறமாகத் தெரியும், அதுதான் அந்த அலை. பாயும் பட்டும் நெய்வதைப்போன்ற வேலை. ஓர் அங்குலத்தில் எத்தனை ஒட்டு இருக்கிறது, அவற்றில் எந்த ஒட்டுக்குள் துரு நுழைந்திருக்கிறது என்று வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இது. இரண்டு அறையும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பார்த்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். முன்கைக் கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுங்கள். தோட்டா அறையின் அடியில் தட்டையான இடத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் குத்தியிருக்கும். அவற்றை நல்ல வெளிச்சத்தில் படித்து, என்ன எழுத்து, என்ன உருவம் என்று எழுதுங்கள். கம்பெனிப் பெயரைவிட எனக்கு அந்த முத்திரைகள்தான் வேண்டும்.

காப்பித்தோட்டம்

ஐயா, பார்த்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அந்த இடத்தை எங்கள் வீட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முட்டை வடிவ வளையத்துக்குள் ஈஎல்ஜி என்று ஆங்கில எழுத்துகள், கீழே ஒரு நட்சத்திரம், வளையத்தின் மேல் கிரீடம். இன்னோர் இடத்தில் சாய்சதுரக் கட்டத்துக்குள் 12 என்ற எண். வேறு சில தனி எழுத்துகளும் இருக்கின்றன. சிங்கமோ வேறு மிருகமோ எதுவும் இல்லை. குழலைப் பூட்டிப் பிடித்து ஆட்டினால் மிக லேசாக ஒரு அசைவு தெரிகிறது.

அப்பா இதை இங்கிலாந்துத் துப்பாக்கி என்றுதான் எப்போதும் சொல்வார்.

ஓய்வு ஆர்மரர்

அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். இது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் சோதனை முத்திரை வாங்கிய துப்பாக்கி. ஒன்றும் குறைவில்லை. ஐரோப்பாவில் துப்பாக்கித் தொழில் என்றால் பர்மிங்காமும் லியேஜும்தான். டமாஸ்கஸ் குழலில் லியேஜ்காரர்களின் கை மிகப் பெரிய கை. வளையத்தின் மேல் கிரீடம் இருப்பதால் 1893க்குப் பிறகு வந்தது. புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்திருந்தால் ஒரு சிங்கமும் பிவி என்ற எழுத்துகளும் குத்தியிருப்பார்கள். அது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக இது கரிமருந்துக்கு மட்டும் சோதித்த துப்பாக்கி.

இன்றைக்குக் கடையில் கிடைக்கும் தோட்டா எதிலும் கரிமருந்து கிடையாது. வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த அந்தப் பழைய மருந்துக்கும், இன்றைய புகையில்லா நைட்ரோ மருந்துக்கும் அழுத்தம் ஏறும் விதமே வேறு. இதற்கு மேல் நீளத்தின் சிக்கல் ஒன்று இருக்கிறது. பழைய அறைகள் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா 70. "உள்ளே போகிறதே, சரியாகத்தானே இருக்கிறது" என்பார்கள். போகத்தான் செய்யும். 70 என்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடுவதற்கு முன் வாய் மடங்கியிருப்பதால் குட்டையாக உள்ளே அமர்ந்துகொள்ளும். சுடும் நொடியில் அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் அறையின் கழுத்தை அடைக்கும், அழுத்தம் எகிறும். குழலில் ஆட்டமும் இருக்கிறது என்கிறீர்கள்.

என் முடிவு: இந்தத் துப்பாக்கி இனிச் சுடக் கூடாது. தட்டு விளையாட்டுக்கு இதை நினைக்கவே வேண்டாம்.

கொல்லிமலைக் காற்று

ஆர்மரர் ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் கொஞ்சம் மிகையாகப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. என் பெரிய மாமா இதே மாதிரி டமாஸ்கஸ் குழலில் முப்பது வருடம் கடைத் தோட்டா போட்டுச் சுட்டார். ஒரு கீறல் விழவில்லை. நம் ஊர்களில் நூறு வருடத் துப்பாக்கிகள் எத்தனையோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சுடாத துப்பாக்கியை எதற்கு வைத்திருப்பது? வாசிக்காத வீணையை உறை போட்டு வைத்திருப்பதுபோல் ஆகிவிடாதா?

ஓய்வு ஆர்மரர்

உங்கள் மாமா நல்லபடியாக இருந்தார் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். என் சித்தப்பாவும் இருபத்தேழு வருடம் நல்லபடியாகத்தான் சுட்டார். இருபத்தெட்டாவது வருடம் வரப்புமேட்டில் நின்று ஒரு தோட்டா போட்டார். நான் அப்போது பத்தாம் வகுப்பு, அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். வழக்கமான சத்தம் இல்லை, தகரத்தைக் கிழித்ததுபோல் ஒரு சத்தம். இடது குழல் அவர் கை பிடித்திருந்த இடத்தில் திறந்துவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டு இலையை இடது கையால் ஒருநாளும் தொட்டதில்லை, மடியில் மறைத்தே வைத்திருப்பார். நான் ராணுவத்தில் ஆர்மரர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனதற்கு அந்த ஒரு சத்தம்தான் காரணம்.

24 வருட வேலையில் என்னிடம் வந்த எந்தக் குழலையும் "போன வருடம் சுட்டதே" என்ற காரணத்துக்காக நான் அனுமதித்ததில்லை. அளந்து பார்த்துத்தான் அனுமதித்தேன். வீணை உடைந்தால் தந்திதான் அறும் ஐயா.

கொல்லிமலைக் காற்று

மன்னியுங்கள் ஐயா. தெரியாமல் எழுதிவிட்டேன். மாமாவின் துப்பாக்கி இப்போது அவர் மகனிடம் இருக்கிறது. இன்று இரவே கூப்பிட்டுப் பேசுகிறேன்.

மடிக்கேரிவாசி

வேலை நிமித்தமாகப் பல வருடமாகக் குடகில் இருக்கிறேன். சுடாத துப்பாக்கிக்கு என்ன மதிப்பு என்ற கேள்விக்கு இங்கே நான் கண்ட பதிலைச் சொல்கிறேன்.

குடகர்களுக்கும் ஜம்மா நிலம் (பரம்பரை உரிமை நிலம்) வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே துப்பாக்கி லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் கைல்போது என்று ஆயுதத் திருவிழா வரும். நாற்று நட்டு முடித்த கை, ஏரையும் மண்வெட்டியையும் கழுவி வைத்துவிட்டு ஆயுதத்தை எடுக்கும் நாள். வீட்டுத் துப்பாக்கிகளை எல்லாம் துடைத்து, பூசை இடத்தில் வரிசையாக வைத்து, குழல் வாயில் ஒரு பூவைச் செருகுவார்கள். தோக்குப் பூ என்று பெயர். தோக்கு என்றால் அவர்கள் மொழியில் துப்பாக்கி. முதல்முறை அந்தப் பூவைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அது நம் செங்காந்தள்! நாம் கார்த்திகைப் பூ என்று வேலியில் பார்க்கிற அதே பூ.

குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவு விழுந்தால் அடுத்தடுத்து இரண்டு வெடி என்பது இங்கே பழைய வழக்கம். மலைக்கு மலை வீடுகள் தள்ளித் தள்ளி இருந்த காலத்தில் அதுதான் தந்தி. திருவிழா நாளில் உயரமான மரத்தில் தேங்காயைக் கட்டிச் சுடும் போட்டியில் பாட்டிகளும் வரிசையில் நிற்பார்கள். ஆனால் நான் தங்கியிருக்கும் வீட்டில் இருக்கும் மிகப் பழைய துப்பாக்கி அந்தப் போட்டிக்கு வருவதில்லை. அது சுட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. பூ முதலில் அதற்குத்தான்.

பறக்கும் தட்டு

காப்பித்தோட்டம் அண்ணா, உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நான் மாநில அளவில் டிராப், அதாவது பறக்கும் தட்டைச் சுடும் போட்டியில் சுடுகிறவன். தாத்தா துப்பாக்கி இல்லாமலேயே நீங்கள் இந்த விளையாட்டுக்கு வரலாம், வர வேண்டும்.

சுடுநர் நிற்கும் இடத்திலிருந்து 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளம். அதற்குள்ளிருந்து இயந்திரம் ஆரஞ்சு நிறத் தட்டை வீசும். தட்டின் விட்டம் 11 சென்டிமீட்டர்தான். இடமா, வலமா, நேரா என்று முன்கூட்டித் தெரியாது. 24 கிராம் ஈய ரவை கொண்ட தோட்டா. ஒரு சுற்றுக்கு 25 தட்டு, தகுதிச் சுற்றில் ஐந்து சுற்றாக 125. அத்தனையிலும் ஒரு சில தவறினாலே இறுதிச் சுற்று கைநழுவிப் போகும். புதுக்கோட்டை அரச குடும்பத்து பிருத்விராஜ் தொண்டைமான் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காகச் சுட்டது இந்தப் பிரிவில்தான்.

அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் ஒன்றில் சேருங்கள். பயிற்சிக்குக் கிளப் துப்பாக்கியே கிடைக்கும். செலவு தோட்டாவில்தான் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அது கையைக் கடித்தால் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தொடங்குங்கள். 4.5 மில்லிமீட்டர் குண்டு. குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உள்ளே இருந்தால் அதற்கு லைசென்ஸே தேவையில்லை. இலக்கு அட்டையில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர், ஒரு ஊசிமுனை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் பதக்கம் வாங்கியது அந்த ஊசிமுனையைத் தொட்டுத்தான். மூச்சு, பாதம், தோள், விரல் நான்கையும் அது கற்றுக்கொடுத்துவிடும். அதன் பிறகு எந்தத் துப்பாக்கியைத் தொட்டாலும் கை தானாக ஒழுங்காக இருக்கும்.

பைக்குள் உலகம்

வணக்கம். நான் டார்ச், மடக்குக் கத்தி, பேனா, சாவி வளையம் என்று தினமும் உடன் எடுத்துச் செல்லும் பொருள்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவன். வயது 27. தொழில் காரணமாக வாரத்தில் நான்கு இரவு பணத்தோடு நெடுஞ்சாலையில் வருகிறேன். ஒரு கைத்துப்பாக்கி வாங்க வேண்டும் என்று இரண்டு வருடமாக யோசனை. கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர், 2014இல் வந்த நிர்பீக், அசனி பிஸ்டல் என்று படித்துக்கொண்டே இருக்கிறேன். எதை வாங்கலாம்? லைசென்ஸ் கிடைக்க வழி என்ன?

வைகைக்கரை வழக்குரைஞர்

தம்பி, கேள்வியைத் தலைகீழாகக் கேட்கிறீர்கள். எதை வாங்குவது என்பது கடைசி. முதலில் உங்களுக்கு ஏன் வேண்டும் என்பதை மாவட்ட நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டும். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வழுவழுப்பான உட்புறத் துப்பாக்கி, பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி, இவற்றுக்கு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு ஓரளவு இடம் தருகிறது. கைத்துப்பாக்கிக்கு நல்ல காரணம் இருப்பதாக அதிகாரிக்குத் தோன்ற வேண்டும். "இரவில் வருகிறேன்" என்று வெறுமனே எழுதினால் கோப்பு நகராது. மிரட்டல் வந்து புகார் கொடுத்திருந்தால் அந்த நகல், பணம் கொண்டுவரும் தொழிலுக்கான கணக்கு, இவைதான் பேசும்.

9 மில்லிமீட்டர், .303 போன்றவை தடை செய்யப்பட்ட போர் அளவுகள். படைகளும் காவல் துறையும் பயன்படுத்தும் தோட்டா வெளியே ஓடக் கூடாது என்பதால் அந்த ஏற்பாடு. அதனால்தான் பொதுமக்களுக்கு .32 என்று வந்து நிற்கிறது.

ஓய்வு ஆர்மரர்

.32இல் எது நல்லது என்று கேட்டால் என் கை பழைய இங்கிலாந்து ரிவால்வரான வெப்ளியைத்தான் சொல்லும். விசையை இழுக்கும்போது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இருக்கும். 1980களின் நடுவில் இறக்குமதி நின்றுபோன பிறகு உள்ளே இருந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் விலை பல மடங்கு ஏறிவிட்டது. ஒரு ஐரோப்பியக் கடையில் பழைய சாமான் வரிசையில் கிடக்கும் ரிவால்வருக்கு இங்கே சிறு கார் விலை கேட்கிறார்கள். கான்பூர் ரிவால்வர் உறுதியானது, விசை கொஞ்சம் கனம். நிர்பீக் டைட்டானியக் கலவை, அரைக் கிலோ எடை. லேசான துப்பாக்கி பையில் சுகம், கையில் உதறல். ஆண்டுக்கு ஒருமுறைகூடச் சுட்டுப் பழகாதவர் அதைக் கையில் எடுத்தால் பத்தடிக்கு அப்பால் உறுதி சொல்ல முடியாது.

தேயிலைக்காரி

கூடலூர்ப் பக்கம் கணவர் போன பிறகு பதினான்கு வருடமாகத் தனியாகத் தோட்டம் பார்க்கிறேன். அவருடைய 12 போர் துப்பாக்கி என் பெயரில் இருக்கிறது. வழக்குரைஞர் அக்கா சொன்ன அந்த விசாரணை முழுவதையும் கடந்து வந்தவள் நான். "பெண்ணுக்கு எதற்கம்மா" என்று நான்கு மேசைகளில் கேட்டார்கள். ஐந்தாவது மேசையில் கையெழுத்துக் கிடைத்தது.

தம்பி, அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதால் எனக்குத் தூக்கம் வருகிறது. அது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் நான் அதைத் தோட்டத்துக்குள் எடுத்துப் போவதே இல்லை. ஒருமுறை எடுத்துப் போனேன். இருட்டில் காப்பிச் செடிகளுக்கு நடுவில் அசைவு, மூச்சிரைப்பு. பன்றி என்று நினைத்துத் தோளில் வைத்துவிட்டேன். டார்ச்சை அடித்தபோது வேலைக்காரர் ஒருவரின் பையன். காணாமல் போன கன்றைத் தேடி வந்திருக்கிறான். விரல் விசை மேல் இருந்தது. அந்த இரவிலிருந்து என் இடுப்பில் டார்ச், விசில், கொடுவாள், அவ்வளவுதான். யானை வந்தால் வனத்துறைக்குப் போன், விசில், வெளிச்சம். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) வைக்கிறவர்களை நான் என் எல்லைக்குள் விடுவதில்லை. கன்றுக்குட்டியும் குட்டி யானையும் வாய் கிழிந்து நிற்பதைப் பார்த்தவள் நான்.

நெடுஞ்சாலைக்கு நீங்கள் வேண்டுவது பணத்தைக் கையில் கொண்டுவராத ஒரு வழி. வங்கியில் பேசிப் பாருங்கள்.

பைக்குள் உலகம்

அம்மா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றி.

நான் சேர்ப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். இது வெளிநாட்டுப் பழக்கம் என்று என்னைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. என் தாத்தா சாயல்குடிப் பக்கம் பனையேறி. அவர் இடுப்பில் கட்டிய அரிவாள்பெட்டிக்குள் பாளை அரிவாள், தீட்டுவதற்குக் கல்பொடி, பாளையை நெரிக்கும் கடிப்பு, சுண்ணாம்பு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம். மரத்தின் உச்சியில் கண்ணால் பார்க்காமலேயே கையை விட்டு எடுப்பார். ஒன்று இடம் மாறியிருந்தாலும் கோபம் வந்துவிடும். பாட்டியின் சுருக்குப் பையில் பாக்குவெட்டி. இன்று நான் விக்டோரினாக்ஸ் கத்தியும் உள்ளங்கை டார்ச்சும் வைத்திருப்பது அந்தக் கையிலிருந்து வந்ததுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அலகைத் துடைத்து எண்ணெய் தொடுகிறேன். அந்த அரிவாள்பெட்டி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. என் சேகரிப்பிலேயே விலை இல்லாதது அது ஒன்றுதான்.

வைகைக்கரை வழக்குரைஞர்

அரிவாள்பெட்டியின் படம் கட்டாயம் போடுங்கள் தம்பி. கத்தி சேர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்படாததாக இருந்தால், அது ஆயுதப் பட்டியலில் வருகிறது. பாளை அரிவாளுக்குப் பயமில்லை. அலங்கார வாள்களை இணையத்தில் வாங்குகிறவர்கள் யோசியுங்கள்.

பழைய ஜாக்கெட்

பையைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஒருவருக்காவது பயன்படட்டும். நான் லைசென்ஸ்தாரர். பயிற்சிக்குப் போட்டுப் போகும் ஜாக்கெட்டின் உள்பையில் ஒரே ஒரு தோட்டா தங்கிவிட்டது. குளிர் என்று அந்த ஜாக்கெட்டைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு மகளின் பட்டமளிப்புக்கு விமானம் ஏறப் போனேன். ஊடுகதிர்ப் பெட்டியில் தெரிந்துவிட்டது. விமானம் போனது, விழா போனது, வழக்குப் பதிவானது. லைசென்ஸ் நகலைக் காட்டியும் அன்று யாரும் கேட்கவில்லை. வழக்கு ரத்தாகப் பதினான்கு மாதம் பிடித்தது.

அறிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்பது நியாயத்தின் அடிப்படை என்று என் வழக்குரைஞர் வாதாடினார். 1972இல் உச்ச நீதிமன்றம் குன்வந்த்லால் வழக்கில் சொன்னதை எடுத்து வைத்தார். அது என்னைக் காப்பாற்றியது. ஆனால் மகள் மேடையில் நின்ற படத்தை நான் கைப்பேசியில்தான் பார்த்தேன். சுடுகளத்துக்கு ஒரு ஜாக்கெட், ஒரு பை. அதை வேறு எதற்கும் தொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை எண்ணுங்கள்.

காப்பித்தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்ல ஆறு வாரம் கழித்து வருகிறேன்.

தம்பியும் தங்கையும் கடிதம் கொடுத்துவிட்டார்கள். தனி அடையாள எண் ஏறியிருந்தது. விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், காவல் நிலைய விசாரணை முடிந்தது. அந்த ஒன்பது காகிதத் தோட்டாக்களும் ஈரத்தில் உப்பி, பித்தளை அடியில் களிம்பு ஏறியிருந்தன. அப்பாவின் லைசென்ஸோடு ஆயுதக் கடையில் ஒப்படைத்தோம்.

தகர டப்பாவின் அடியில் தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகம் கிடைத்தது. புதுப்பித்த முத்திரைகள் 1951 முதல் வரிசையாக இருக்கின்றன. 1972க்குப் பிறகு தோட்டா வாங்கிய பக்கம் எல்லாம் வெறுமையாக இருக்கிறது, ஒரு பதிவுகூட இல்லை. ஆனால் புதுப்பித்தலை ஒருமுறைகூட அவர் தவறவிடவில்லை. அப்பா அந்தப் பக்கங்களை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "சுடாமலேயே காப்பாற்றியிருக்கிறார்" என்றார். கொடுத்துவிடுவது பற்றி அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இல்லை.

கிளப்பில் சேர்ந்தாயிற்று. முதல் 25 தட்டில் நான்கு உடைந்தன. நான்காவது உடைந்தபோது பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து நின்றுவிட்டாராம், பயிற்சியாளர் சொன்னார்.

ஆர்மரர் ஐயா, ஒரே ஒரு கேள்வி பாக்கி. உறையைக் கழற்றிப் பார்த்தால் குழலில் செம்புள்ளிகள் இருக்கின்றன. எப்படித் துடைப்பது?

ஓய்வு ஆர்மரர்

நான்கு நல்ல தொடக்கம். எனக்கு முதல் நாள் இரண்டு.

தோல் உறையை உடனே எறியுங்கள், அல்லது தனியாக வையுங்கள். மலை ஈரத்தைத் தோல் குடித்துவைத்து இரும்புக்கு ஊட்டும். இத்தனை வருடப் புள்ளிகளுக்கும் அதுதான் காரணம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம், நாளானால் பிசினாகிவிடும். துப்பாக்கி எண்ணெய் ஒரு புட்டி வாங்கி, மெல்லிய பருத்தித் துணியில் நான்கு சொட்டு விட்டு, புள்ளி இருக்கும் இடத்தில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் மெதுவாகத் துடையுங்கள். போகாத புள்ளி போகாமலேயே இருக்கட்டும். உப்புத்தாளோ இரும்புக் கம்பி நாரோ அதன் மேல் படவே கூடாது. பட்டால் அந்த நீரலை போய்விடும், பிறகு எந்த ஊரிலும் அதைத் திரும்ப வரைந்து தர ஆள் கிடைக்க மாட்டார்கள். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, வருடத்துக்கு ஒருமுறை போதும்.

நிறுத்தி வைக்கும்போது குழல் வாய் கீழே பார்த்திருக்கட்டும். மேலே பார்த்திருந்தால் எண்ணெய் இறங்கிக் கட்டையை ஊற வைத்துவிடும். இரும்பு அலமாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போடுங்கள், மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். குதிரைகளை இறக்கித்தான் வைக்க வேண்டும், ஆனால் வெறும் அறையில் விசையை இழுத்து விழவிடாதீர்கள். கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்குங்கள். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் கையிலேயே இருக்கும், அவரையே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.